எழுதிப் போன எண்ணுக்குப் பதில் வேண்டும்: பவானி வட்டாரச் சமூகச் செவிலியர் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்துக்கும், பெருந்துறை அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரிக்கும், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும், எங்கள் ஊராட்சிகளுக்கும், இதை வாசிக்கும் பொதுமக்களுக்கும்.

பவானி நகரத்திலும், ஜம்பை, மைலம்பாடி, குறிச்சி, காளிங்கராயன்பாளையம் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள் நாங்கள். கிராம சுகாதார செவிலியர்கள், துணை சுகாதார நிலையத்தில் உட்காரும் இடைநிலைப் பணியாளர்கள், மாத்திரைப் பையோடு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள், வலி தணிக்க வரும் செவிலியர்கள் எல்லோரும் இதில் சேர்ந்திருக்கிறோம். படுக்கையில் கிடப்பவரைத் தூக்கித் துடைத்துப் பார்க்கும் மகள்களும் மருமகள்களும் சேர்ந்திருக்கிறார்கள். சம்பளம், பணி நிரந்தரம் பற்றி வேறு மேடைகளில் பேசியிருக்கிறோம், இனியும் பேசுவோம். இந்தச் சாசனத்தில் நாங்கள் கேட்பது ஆராய்ச்சி. வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயாளிக்கு எது உண்மையில் குணம் தருகிறது, எது வெறும் சடங்காகப் போய்விட்டது என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி.

நர்சுகளுக்கு எதற்கு ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்கு இந்த மாநிலமே பதில் வைத்திருக்கிறது.

காசநோய் வந்தால் சானடோரியத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று உலகமே நம்பிய காலம் ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்துப் பெருந்துறையிலும் ஒன்று இருந்தது. மருத்துவக் கல்லூரி அங்கே வந்த பிறகும் சானடோரியம் என்ற பெயர் ஊர்வாயில் நிற்கிறது. 1956இல் சென்னையில் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தியது. 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் சுத்தக் காற்றும். மீதிப் பேருக்கு நெருக்கடியான சொந்த வீட்டிலேயே அதே மாத்திரை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் பரவவும் இல்லை. 1959இல் முடிவு வெளிவந்தது. உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடிந்ததற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

நோயாளி மாத்திரை விழுங்கினாரா, தலையணைக்கடியில் போட்டாரா என்று அந்த ஆய்வில் கண்டுபிடித்தது யார்? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணி, சிறுநீர் வாங்கிச் சோதனைக்குக் கொண்டுவந்த வீட்டுப் பார்வை ஊழியர்கள். அவர்கள் எண்ணிய எண் பொய்யாக இருந்திருந்தால் முடிவும் பொய்யாகியிருக்கும். ஆய்வை வழிநடத்திய வாலஸ் ஃபாக்ஸின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். படியேறி இறங்கியவர்களின் பெயரைத் தேடினால்தான் கிடைப்பதில்லை.

அதே மரபில் 2022இல் தொடங்கியது தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம். சென்னையின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் அரசோடு சேர்ந்து வகுத்தது. காசநோய் என்று உறுதியானதும் உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் நீர் கோத்திருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று ஐந்தை மட்டும் பார்க்க வேண்டும். எடைமெஷின், அளவு நாடா, கைக்கடிகாரம், விரலில் மாட்டும் கருவி போதும், லேப் வேண்டாம். மோசமாக இருப்பவரை உடனே உள்நோயாளியாகச் சேர்த்துவிடுவார்கள். தொடக்கத்திலேயே சாகிறவர்களின் எண்ணிக்கை பல மாவட்டங்களில் இறங்கியது. களப்பணியாளர் கையில் அடங்குகிற மாதிரி ஒரு கேள்வியைச் சுருக்கிக் கொடுத்தால் உயிர் பிழைக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எங்களுக்கு வேண்டாம்.

வெளிமாநிலத்திலும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்க வைத்தார்கள். பச்சிளங்குழந்தை இறப்பு பாதிக்கும் கீழே போனது. 1999இல் லான்செட்டில் வந்த அந்த ஆய்வுதான் பிறகு நாடு முழுக்க ஆஷா பணியாளர்களின் வீட்டுப் பார்வைத் திட்டமாக மாறியது.

இனி எங்கள் ஊர்க் கணக்குக்கு வருவோம்.

மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் வாங்கியது. விருதில் எங்கள் கால்களுக்கும் பங்கு உண்டு என்பதால் பெருமைப்படுகிறோம். ஆனால் தொற்றா நோய்கள் பற்றி மாநில அரசே எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2020இல் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். அடுத்த சுற்றில் அவை 17 ஆகவும் 16.7 ஆகவும் ஏறின. ஏறியது உண்மை, சந்தோஷம். ஆனால் பிரஷர் உள்ள 100 பேரில் 83 பேருக்கு இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்பதும் அதே எண்தான். மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பிரஷர் ஏன் இறங்கவில்லை?

எங்களுக்குச் சில சந்தேகங்கள் உண்டு. போன மாதம் 160, இந்த மாதம் 160, மாத்திரை மட்டும் அதே அம்லோடிபின் 5 மில்லிகிராம். டோஸை ஏற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுக்கலாம். போனால் தறிக்காரருக்கு ஒரு நாள் கூலி போகும், அதனால் போவதில்லை. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று பாதி நாள் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தடித்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றி அளந்தால் எண் கூடுதலாகவே காட்டும். இவற்றில் எது எவ்வளவு பங்கு என்று பவானியில் யாரும் எங்களிடம் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்குத் தேவையான எண்கள் எல்லாம் எங்கள் கைவழியாகத்தான் மேலே போகின்றன. வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி கேட்கும் கேள்வி நியாயமானது: “ஏஞ்சாமி, போன மாசமும் இதையேதான எழுதீட்டுப் போனே? எழுதி என்னதான் பண்றீங்க?” எங்களிடம் பதில் இல்லை. “பாக்குறோமுங்க ஆத்தா” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறோம்.

ஆகவே கேட்கிறோம்.

1. கேள்விகளை எங்களிடமிருந்து எடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வட்டார அளவில் செவிலியர்கள், தன்னார்வலர்கள், நோயாளி வீட்டார் மூவரையும் உட்கார வைத்து, வீட்டுச் சிகிச்சையில் விடை தெரியாத கேள்விகளைப் பட்டியலிட வேண்டும். அவற்றில் மூன்றையாவது மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையும் மாவட்டத்துச் செவிலியர் கல்லூரிகளும் அந்த ஆண்டே எடுத்து ஆராய வேண்டும்.

எங்கள் பட்டியலின் தொடக்கத்தை இங்கேயே தருகிறோம். பிரஷர் கேள்வியை மேலே சொல்லிவிட்டோம். இரண்டாவது, படுக்கைப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள் என்று பாடப்புத்தகம் சொல்கிறது, நாங்களும் சொல்கிறோம். வீட்டில் இருப்பது ஒரே மருமகள். அவளும் மில்லுக்குப் போகிறாள். எட்டு மணி நேரம் ஆள் இல்லாத வீட்டில் புண் வராமல் காக்க எது உதவும்? எந்தப் படுக்கை, எந்தப் பொழுதுகளில் திருப்பினால் போதும், பக்கத்து வீட்டாரைப் பழக்கலாமா? மருத்துவமனை வார்டில் எடுத்த ஆய்வு இதற்குப் பதில் சொல்லாது.

மூன்றாவது, குழித்தறி. பவானி ஜமுக்காளம் 2005இலேயே புவிசார் குறியீடு வாங்கியது. அதை நெய்கிற கால்களைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சர்க்கரை நோயால் உணர்வு மரத்த கால் நாள் முழுக்கக் குழிக்குள் வெறுங்காலோடு மிதிகட்டையை மிதிக்கிறது. புண் வந்தது சாயங்காலம் இரத்தக்கறையைப் பார்த்தால்தான் தெரிகிறது. செருப்புப் போட்டு மிதித்தால் தறி பிடிபடாது என்கிறார்கள். இதற்கேற்ற காலுறை ஒன்று வேண்டுமா, தறி முடிந்ததும் கண்ணாடி வைத்துப் பாதம் பார்க்கும் பழக்கம் போதுமா? சோதித்துப் பார்க்க ஒரு தெருவும் ஆறு மாதமும் போதும்.

நான்காவது, ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின். மண்பானையில் வைக்கச் சொல்கிறோம். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள், தகர ஷீட் வீட்டுக்குள் அந்தப் பானையின் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று எங்கள் ஊரில் அளந்து தாருங்கள். ஒரு தெர்மாமீட்டர் வேலை இது. ஆராய்ச்சி என்ற பெரிய பேர்கூட வேண்டாம்.

2. ஆய்வுக்குக் கொடுத்த எண்ணுக்காக யாருக்கும் மெமோ கொடுக்கக் கூடாது. இந்தச் சாசனத்தில் இதுதான் எங்களுக்கு மிக முக்கியம். பிரஷர் அளவுகளில் பூஜ்யத்தில் முடியும் எண்கள் மிதமிஞ்சி வரும் என்பது உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்த விஷயம். 120/80, 130/80, 140/90 என்று அழகாக வரிசை கட்டும். இலக்கு மட்டும் கேட்கிற இடத்தில் எண்கள் இலக்கைப் போலவே இருக்கும். கட்டுக்குள் வராதவர்கள் அதிகம் என்று உண்மையாக எழுதும் துணை நிலையத்தைப் பார்த்து ஏன் உன் பகுதி மட்டும் மோசம் என்று மீட்டிங்கில் எழுப்பி நிற்க வைத்தால், அடுத்த மாதம் எல்லா நோயாளிக்கும் பிரஷர் தானாக இறங்கிவிடும். காகிதத்தில். ஆய்வுத் தரவையும் பணி மதிப்பீட்டையும் எழுத்துப்பூர்வ ஆணையால் பிரித்து வையுங்கள். பிரித்துவிட்டால் நாங்கள் தருகிற உறுதி இது: போகாத வீட்டின் எண்ணை எழுதமாட்டோம், அளக்காத பிரஷரை நிரப்பமாட்டோம், தெரியாததைத் தெரியாது என்றே குறிப்போம்.

3. ஒரே தகவலை ஒரு முறை மட்டும் கேளுங்கள். கர்ப்பிணிக்கு பிக்மி, தடுப்பூசிக்கு யு-வின், காசநோய்க்கு நிக்ஷய், தொற்றா நோய்க்குத் தனிச் செயலி, இவை போதாதென்று கைப்பதிவேடு. சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது விதி, மலையில் 3,000. இத்தனை பேரைப் பார்த்துவிட்டு, பார்த்ததை ஐந்து இடத்தில் எழுதுகிறவளிடம் ஆறாவதாக ஆய்வுப் படிவத்தை நீட்டாதீர்கள். எந்தப் பதிவேட்டை எடுத்துவிட்டால் நோயாளிக்கு ஒரு குறையும் வராது என்பதே நல்ல ஆராய்ச்சித் தலைப்பு. அதை முதலில் செய்தால் மற்ற ஆராய்ச்சிக்கு நேரம் தானாகக் கிடைக்கும். ஆய்வில் சேரும் பணியாளருக்கு வாரத்தில் அரை நாளை வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும்.

4. முடிவு திரும்பி வர வேண்டும். காளிங்கராயன் வாய்க்காலில் தலைமடையில் தண்ணீர் ஓடுவதைக் காட்டிக் கடைமடைக்காரனைச் சமாதானப்படுத்த முடியாது. எண்கள் எங்களிடமிருந்து ஈரோட்டுக்கும் சென்னைக்கும் போகின்றன. அங்கே கட்டுரையாகின்றன, கருத்தரங்கில் படமாகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் ஒரே ஒரு தாள், தமிழில், வர வேண்டும்: உங்கள் பகுதியில் இத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது, இத்தனை பேர் மாத்திரையை நிறுத்தினார்கள், பக்கத்துப் பகுதியில் இப்படிச் செய்தார்கள், பலித்தது அல்லது பலிக்கவில்லை. பலிக்காததையும் சொல்லுங்கள். பெயர் இல்லாமல், மொத்தக் கணக்கை மட்டும், கிராம சபையில் வாசியுங்கள்.

5. எம்.எஸ்சி. நர்சிங் மாணவியர் ஆய்வேட்டுக்காக எங்கள் கிராமங்களுக்கு வருகிறார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் திரும்பத் திரும்ப ஒரே அச்சு: முன்தேர்வு வை, ஒரு விளக்கப்படம் காட்டிப் பாடம் நடத்து, ஒரு வாரம் கழித்துப் பின்தேர்வு வை, அறிவு கூடியது என்று எழுது. பாடம் நடத்தினால் அறிவு கூடும் என்பது நிரூபணமாகிப் பல காலம் ஆயிற்று. அறிவு கூடியவரின் சர்க்கரை குறைந்ததா, புண் ஆறியதா என்று ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. பல்கலைக்கழகம் சமூகச் செவிலியப் பிரிவின் தலைப்புகளை மாற்ற வேண்டும்; ஒரு மாணவி தொடங்கியதை அடுத்த ஆண்டு மாணவி அதே கிராமத்தில் தொடரும்படி வரிசையாகக் கொடுக்க வேண்டும். ஆய்வேட்டோடு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தையும் அந்த ஊர்த் துணை நிலையத்தில் ஒப்படைத்தால்தான் பட்டம் என்று விதி செய்யுங்கள். வீட்டைக் காட்டி, ஆளைச் சம்மதிக்க வைத்து, தரவு எடுக்க உதவிய கிராம செவிலியரின் பெயர் கட்டுரையில் ஆசிரியர் வரிசையில் இருக்கட்டும். நன்றியுரையின் கடைசி வரி எங்களுக்கு வேண்டாம்.

6. சம்மதம் சம்மதமாக இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஆங்கிலத் தாளில் கைரேகை வாங்குவது சம்மதம் ஆகாது. மாட்டேன் என்று சொன்னால் அடுத்த மாதம் மாத்திரை நின்றுவிடுமோ என்று பயப்படும் மனிதரிடம் மாத்திரைப் பையைக் கையில் வைத்துக்கொண்டே சம்மதம் கேட்பதும் ஆகாது; மாத்திரை கொடுப்பவரும் சம்மதம் வாங்குபவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். எந்தத் திட்டமானாலும் நோயாளியைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். மூத்திரப் பையோடு படுத்திருப்பவருக்கும் மானம் உண்டு.

7. பகலில் வீட்டில் இல்லாதவர்களையும் கணக்கில் எடுங்கள். விடிகாலை கம்பெனி வேனில் பெருந்துறை சிப்காட்டுக்கும் நூல் மில்லுக்கும் போய் இருட்டி வருகிறவர்கள், சாயப்பட்டறையில் இரவு முறை பார்க்கிறவர்கள், வடக்கேயிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர்கள் எங்கள் பகல்நேரப் பட்டியலில் விழுவதே இல்லை. சாயங்கால நேரப் பார்வையையும் மில் வாசல் பார்வையையும் ஓராண்டு வைத்துப் பார்த்து, எது ஆளைப் பிடிக்கிறது என்று ஒப்பிட வேண்டும். இரவில் போகச் சொன்னால் துணைக்கு ஆளும் வண்டியும் தர வேண்டும். வெறும் ஆணை போதாது.

8. காவிரிக்கு இந்தக் கரை ஈரோடு மாவட்டம், அந்தக் கரை குமாரபாளையம் நாமக்கல் மாவட்டம். பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகும், பெண் கொடுத்து எடுக்கும் ஒரே ஊர்தான் அது. நோயாளி பாலம் தாண்டுகிறார். அவருடைய பதிவு தாண்டுவதில்லை. மாத்திரையை விட்டுவிட்டவர் என்று நாங்கள் குறிக்கும் ஆள் அக்கரையில் ஒழுங்காக வாங்கிக்கொண்டிருக்கலாம். இரண்டு மாவட்டப் பதிவுகளையும் ஒப்பிட்டாலே எங்கள் கணக்கு பாதி திருந்தும்.

9. எங்கள் மாவட்டத்துப் பர்கூர் மலைக்குச் சமவெளி அளவுகோலைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே வீட்டுப் பார்வை என்பதே வேறு வேலை. மலைக்கான கேள்விகளை மலையில் வேலை செய்யும் செவிலியரும் அங்குள்ள பழங்குடி மக்களும் எழுதட்டும்.

10. பிரஷர் கருவிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்து ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மூன்று அளவுப் பட்டைகள் கொடுங்கள். தெருவில் காய்கறி விற்பவரின் தராசுக்கே முத்திரை கேட்கிறது அரசு; எங்கள் கருவிக்கும் கேட்கட்டும்.

11. வீட்டில் பார்த்துக்கொள்பவரை ஆய்வில் ஓர் ஆளாகச் சேருங்கள். கேரளத்தில் 2008ஆம் ஆண்டின் வலிநிவாரண, தணிப்புச் சிகிச்சைக் கொள்கைக்குப் பிறகு ஊராட்சிதோறும் வீட்டுக்குப் போகும் செவிலியர் வந்தார். அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களும் உடன் நின்றார்கள். இங்கே பெரும்பாலும் ஒரே ஒரு பெண் தனியாக நிற்கிறாள். வயிற்று வழி டயாலிசிஸ் செய்யும் நோயாளியின் பை நீர் கலங்கலாக வந்தால் முதலில் பார்ப்பது அவள்தான். இராத்திரி வலி கூடினால் எழுந்து உட்காருவதும் அவள்தான். அவளுடைய முதுகுவலி, இழந்த கூலி, தூக்கம் ஆகியவை எந்தப் படிவத்திலும் இல்லை. நோயாளியின் நலத்தை அளக்கும் ஒவ்வொரு ஆய்வும் அவளுடையதையும் அளக்க வேண்டும். மாதத்தில் இரண்டு நாளாவது அவளுக்கு மாற்றாள் தந்தால் நோயாளிக்கு என்ன நன்மை என்று சோதிக்க வேண்டும்.

12. ஒப்பந்தச் செவிலியரை ஆய்வின் நடுவே இடம் மாற்றாதீர்கள்.

இவற்றுக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. மருத்துவக் கல்லூரி எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பதிவுகள் ஏற்கெனவே இருக்கின்றன. வீட்டு வழி தெரிந்த ஆட்கள் இருக்கிறோம். முதல் ஆண்டுக்கு நாங்கள் கேட்பது நான்குதான்: இரண்டாம் கோரிக்கைக்கான ஆணை, ஒரு பதிவேட்டைக் குறைப்பது, பிரஷர் ஏன் இறங்கவில்லை என்ற ஒரு கேள்விக்குப் பவானி வட்டார அளவில் ஒழுங்கான ஆய்வு, அதன் முடிவைத் தமிழில் ஒரு தாளாக எங்கள் கையில் தருவது.

இதை வாசிக்கும் பவானிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் படுக்கையில் ஒருவர் இருக்கலாம், மாத்திரைப் பை வந்துகொண்டிருக்கலாம். இந்தப் பட்டியலில் விட்டுப்போன கேள்வியை எழுதிச் சேருங்கள். நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்துக் கிராம சபையில் இந்தச் சாசனத்தைத் தீர்மானமாக முன்மொழியுங்கள். அடுத்த முறை உங்கள் வாசலில் எண்ணை எழுதிக்கொண்டு போகிறவரிடம் போன மாத எண் என்ன சொன்னது என்று கேளுங்கள். எங்களைக் கேட்டால்தான் நாங்கள் மேலே கேட்க முடியும்.